டல்ஹவுசித் தெருவும் பருத்தி அறையும்

பர்மாவிலிருந்து வந்த என் வயதுச் சோட்டுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பர்மாப் பேச்சு வராமல் இருப்பதில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "நீங்க ரங்கூனா? எந்தத் தெரு?" என்று கேட்டார். "டல்ஹவுசித் தெரு" என்றேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிடும்வரை இரண்டு பேரும் கையை விடவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு அந்தப் பெயரே போதும். இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு வந்த ஒரு கோடையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

பர்மாவின் தலைநகரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நேராக வகிடெடுத்த மாதிரி போகும் தெரு அது. நடுவில் சூலே பகோடா. அந்தப் பொன் கோபுரத்தின் அருகில் வந்ததும் தெரு இரண்டாகப் பிரிந்து, அதைச் சுற்றிக்கொண்டு, மறுபடி ஒன்றாகிவிடும். எங்கள் வீடு ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. கம்பி போட்ட பால்கனியில் நின்றால் தெரு முழுவதும் என்னுடையது. காலையில் தண்ணீர் தெளிக்கும் லாரி போகும். தாரில் தண்ணீர் பட்டதும் ஒரு வாசனை எழும்பும். அதன் பின்னாலேயே மீன்சாறு விற்கும் பர்மியப் பெண்கள் கன்னத்தில் மஞ்சளாய் ஏதோ அரைத்துப் பூசிக்கொண்டு, தோளில் காவடி மாதிரி இரண்டு பானைகளைத் தூக்கி வருவார்கள். சூரத்துக்காரர் கடை, சீனர் கடை, தெலுங்கு ரிக்ஷாக்காரர்களின் கூச்சல். மழைக்காலத்தில் தெரு முழுக்கக் குடையாக இருக்கும். மேலேயிருந்து பார்த்தால் மனிதர்களே தெரிய மாட்டார்கள்.

தெருவின் நடுவில் டிராம். என் அப்பா டிராம் ஓட்டினார். டிராம் ஓட்டுகிறவருக்கு உட்கார இடம் கிடையாது. முன்பக்கம் நின்றபடியே ஒரு கையில் பித்தளைப் பிடி, மறு கையில் பிரேக். வேலை முடிந்து வந்தால் அவருக்குக் கால் வீங்கியிருக்கும். அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து அவர் காலடியில் வைப்பாள்.

அம்மா ரங்கூனிலேயே பிறந்தவள். வெல்வெட் செருப்பை மாட்டிக்கொண்டு குடையை எடுத்தால் மார்க்கெட்டுக்குப் போவாள், கோயிலுக்குப் போவாள், சும்மா காற்று வாங்கவும் போவாள். யாரிடமும் கேட்டுக்கொண்டு போனதில்லை. படி இறங்கினால் தெரு, அவ்வளவுதான்.

போர் எங்கள் ஊருக்கும் வந்தது. கிறிஸ்துமஸ் வரப்போகிற நேரத்தில் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். ஜனம் ஒளியாமல் நடுத்தெருவில் நின்று விமானங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா என் கண்ணைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டாள். அதனால் நான் பார்க்காதது நிறைய. மறுநாள் தெருவில் ஒற்றைச் செருப்புகள் கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பொங்கல் கழிந்து எங்களுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. அப்பாவுக்கு இல்லை. டிராம் ஆட்கள் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று உத்தரவு. துறைமுகத்தில் அப்பா என் தலையைத் தடவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "அண்ணன் வீட்டுல இருங்க. அவுக கோவக்காரவுக, ஆனா கெட்டவுக இல்ல. நான் பின்னாலயே வாரேன்."

கப்பல் இறங்கி, ரயிலில் விருதுநகர் வந்து, அங்கிருந்து பெரியப்பா ஊருக்குக் கரி எரித்து ஓடும் பஸ்ஸில் வந்தோம். போர்க்காலத்தில் பெட்ரோல் ஏது. பாலவனத்தம் மேட்டில் ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அருப்புக்கோட்டையில் வேறு பஸ் மாறி, திருச்சுழியில் இறங்கி, அங்கிருந்து நடை. பார்த்த இடமெல்லாம் வெடித்த கரிசல், உடைமரம், தூரத்தில் பனை. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெல்வெட் செருப்பு முழுக்க முள் தைத்திருந்தது.

பெரியப்பா மானாவாரி விவசாயி. பருத்தியும் கம்பும் போடுவார். ஓலை வேய்ந்த சின்னக் கோயில் ஒன்று அந்த ஊரில் இருந்தது. நாங்களெல்லாம் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அந்தச் சபைக்கு அவர்தான் மூப்பர். எங்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி எங்க?" இரண்டாவதாக அம்மாவின் காலைப் பார்த்தார். "இந்த ஊருல பொம்பளைக செருப்புப் போட்டு நடக்கறதில்லம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அம்மா அங்கேயே கழற்றினாள். அதற்கப்புறம் அந்தச் செருப்பை நான் பார்க்கவே இல்லை.

அந்த ஊரில் தெரு என்பது பெரியப்பா வீட்டிலிருந்து கோயில்வரை, கோயிலிலிருந்து ஊருணிவரை. அதற்கப்புறம் முள்வேலி. அம்மா தண்ணீருக்குத் தனியாகப் போகக்கூடாது. வாசலில் நிற்கக்கூடாது. ஆண்கள் இருக்கும்போது பேசக்கூடாது. யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. "டவுன்காரி, பழகிருவா" என்று பெரியம்மா சொல்வாள். பர்மா அரிசி வருவது நின்றுபோய் எல்லா வீட்டிலும் கூழ்தான். எனக்கு அந்தக் கூழ் தொண்டையில் இறங்காது. பெரியப்பா பிள்ளைகள் தெருவைப் பற்றிக் கேட்பார்கள்.

"எம்புட்டு அகலம் இருக்கும்?"

"நம்ம கோயில்ல இருந்து ஊருணிக் கரை வரைக்கும்."

"ஏலே, இவ புழுகுறா! அம்புட்டு அகலத்துக்கு யாரு ரோடு போடுவா?"

நான் அழுதுகொண்டு உள்ளே ஓடுவேன். அந்தத் தெரு பொய்யாகிவிட்டால் அப்பாவும் பொய்யாகிவிடுவார் என்று எனக்கு அப்போது ஒரு பயம்.

மாசிக் கடைசியில் ரங்கூன் விழுந்துவிட்டது என்று உபதேசியார் அருப்புக்கோட்டையிலிருந்து சேதி கொண்டுவந்தார். கோயிலில் பாட்டு நடத்துவது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்தான். அன்றிலிருந்து பெரியப்பா சரியாகச் சாப்பிடவில்லை. காட்டுக்குப் போவார், வேலை செய்யாமல் வரப்பில் நின்றுவிட்டுத் திரும்புவார். தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் ஊருக்குள் ஒரு ஆள் வந்தார். காலில் சாக்குத்துணி சுற்றியிருந்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாய்த் தெரிந்தது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர் என்று உபதேசியார் கூட்டிக்கொண்டு வந்தார். அரைமணி நேரத்தில் ஊரே முற்றத்தில் கூடிவிட்டது. பெரியம்மா ஒரு செம்பு கூழ் கொடுத்தாள்.

பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "எந் தம்பி ரங்கூன்ல டிராம் ஓட்டுனான். டல்ஹவுசித் தெருவுல. நல்லா உசரமா, செவப்பா இருப்பான். பாத்திருப்பீகளா?" என்று கேட்டார்.

இப்போது நினைத்தால் தெரிகிறது. கேள்வியிலேயே முக்கால் பதிலை நாங்கள் கொடுத்துவிட்டோம்.

அந்த ஆள் கூழை ஒரே மூச்சில் குடித்தார். காலிச் செம்புக்குள் பார்த்தார். "பாத்தேன்யா" என்றார்.

"எப்படி இருக்கான்?"

பெரியம்மா செம்பை மறுபடி நிரப்பினாள். அவர் அதைத் தொடாமல் சொன்னார்: "குண்டு விழுந்துச்சுய்யா. அந்தத் தெருவுலதான். அவுக டிராம் மேலயே. சீட்டுல உக்காந்த வாக்குல உசுரு போயிருச்சு. நாந்தான் எறக்கிப் படுக்க வச்சேன்."

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெண்கள் ஓலமிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே நான் கத்தினேன்: "டிராம் ஓட்டுறவுகளுக்கு சீட்டு கெடையாது! எங்கப்பா நின்னுக்கிட்டுதான் ஓட்டுவாரு!"

யாரோ என் வாயைப் பொத்தினார்கள். ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அந்த வீட்டில் ஆண்கள் கூட்டத்தில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"தெருவுல எந்த இடத்துலங்க?"

"அந்த... பெரிய மரத்தடியிலம்மா."

"எந்த மரம்? பகோடாவுக்குக் கிழக்கயா, மேற்கயா?"

அந்த ஆள் குனிந்து செம்பை எடுத்துக்கொண்டார். பெரியப்பா எழுந்தார். அவர் முகம் முழுக்கக் கண்ணீர். "போதும்மா! செத்தவன் எந்த மரத்தடியில செத்தா என்ன? உள்ள போ."

அன்று சாயங்காலமே பெண்கள் தாலியைக் கழற்ற வந்தார்கள். அம்மா தாலியை வாய்க்குள் போட்டுக் கடித்துக்கொண்டாள். பல்லை விலக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. மறுநாள் காலையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, மெட்ராஸுக்குப் போய் அகதிகளைப் பற்றி விசாரிக்கும் இடத்தில் கேட்கப்போகிறேன் என்று பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ஊர் எல்லையில் மறித்துக் கூட்டிவந்துவிட்டார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்தார்கள். வீட்டின் பின்கட்டில் பருத்தி போட்டுவைக்கும் அறை ஒன்று உண்டு. அதில் அம்மாவை விட்டு வெளியே சங்கிலியை மாட்டினார் பெரியப்பா. "ஒரு வாரம் அழுது தீத்தாச் சரியாயிரும்" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அப்பாவுக்கு நினைவு ஆராதனை, அதற்கப்புறம் தாலி வாங்குவது என்று ஏற்பாடு.

சாப்பாடு கொடுக்க என்னை உள்ளே விடுவார்கள். அடுத்த வேளைவரை நான் வெளியே வராமல் அம்மாவோடேயே இருந்துவிடுவேன். கூரையோரத்தில் கையகலச் சன்னல் ஒன்றுதான். பருத்திக்கொட்டையின் எண்ணெய் வாடை. மூச்சு விட்டால் பஞ்சுத்தூசி மூக்கில் ஏறும். தும்மித் தும்மி நெஞ்சு வலிக்கும். மத்தியானத்தில் சுவரைத் தொட முடியாது, அவ்வளவு சூடு. சங்கிலி ஆடும் சத்தம் கேட்டாலே அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்வேன்.

அம்மா அழவில்லை. என்னை மடியில் போட்டுக்கொண்டு, "சொல்லு, பகோடாவுல இருந்து கிழக்க நடந்தா மொதல்ல என்ன வரும்?" என்று கேட்பாள். நான் சொல்வேன். பூங்கா. அதற்கப்புறம்? மணிக்கூண்டு வைத்த கோர்ட்டு. அதற்கப்புறம்? ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு குறுக்குத் தெருவாக நாங்கள் அந்த இருட்டில் நடந்துகொண்டே இருப்போம். நான் எதையாவது விட்டுவிட்டால் திரும்ப வரச் சொல்வாள். எங்கள் வீடு வரும் இடத்தில் மட்டும் அவளே பேச்சை மாற்றி அடுத்த கடைக்குப் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் ஊருணிக்குப் போனபோது, இன்னும் ஊரிலேயே தங்கியிருந்த அந்த ஆள் படித்துறையில் உட்கார்ந்து கால் துணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் பாதத்தைப் பார்த்ததும் நான் பயந்து நின்றேன். அழுகின மாதிரி இருந்தது.

"ஒங்கம்மா எப்பிடி இருக்காக பாப்பா?" என்றார்.

"பூட்டி வச்சிருக்காங்க. நீங்க சொன்னதாலதான்."

கழற்றிய துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு சொன்னார்: "நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் அரிசி ஆலையில மூட்டை தூக்குனவன். அந்தத் தெருவுல கால் வச்சதில்ல. மொத ஊருல கேட்டாக, எம் மகனப் பாத்தியான்னு. தெரியலன்னேன். தண்ணி குடுத்து அனுப்பிட்டாக. அடுத்த ஊருல உசுரோட இருக்கான்னு சொன்னேன். எப்ப வருவான், எப்ப வருவான்னு விடவே மாட்டேன்னுட்டாக. செத்துட்டான்னு சொன்னாத்தான் உக்கார வச்சுச் சோறு போடுறாக. என்ன செய்ய, பாப்பா? நடக்க முடியல."

"பெரியப்பாகிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "பக்கத்துல வீரசோழன் ஊருக்கு ஒரு பாய் திரும்பி வந்திருக்காரு. ஒங்க தெருவுல குடைக்கடை வச்சிருந்தவரு. வாரவழியில ஒரே கூட்டத்துல நடந்தோம். நெசமாவே தெரிஞ்சவரு அவருதான். அவரக் கேக்கச் சொல்லு."

மறுநாள் அவர் ஊரில் இல்லை. நான் பெரியப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "பொணத்த எறக்கி வச்ச மனுசன் மேல பழி போடுறியா? ஒங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?" என்றார். அம்மாவிடம் கதவிடுக்கு வழியாகச் சொன்னேன். திரும்பினால் பெரியம்மா முறத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பெரியம்மா வீட்டில் தங்கினாள். எனக்கு வெள்ளைப் பாவாடை உடுத்திவிட்டவள், என்னைக் கோயிலுக்கு அனுப்பாமல் கையைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். சங்கிலியை எடுத்தாள். அம்மா வெளிச்சத்தில் கண் கூசி நின்றாள். தலையெல்லாம் பஞ்சு.

"நேத்துப் புள்ள சொன்னத நானும் கேட்டேன்" என்றாள் பெரியம்மா. "பஸ்ஸுப் பக்கம் போகாத, ஆளுக பாத்துருவாக. கம்மாக்கரையோட போ. மத்தியானத்துக்குள்ள வீரசோழன் போயிரலாம்."

"அக்கா, அத்தான் உங்கள..."

"என்னய என்ன செய்வாக? போத்தா. போயி நெசத்தக் கேட்டுட்டு வா. செத்தாருன்னு அவரு சொன்னா, வந்து நீயே கழட்டிரு."

கண்மாய் வறண்டு பாளம் பாளமாய்க் கிடந்தது. நாங்கள் பாதி தூரம் போனபோது பின்னால் கோயில் மணி அடித்தது. அப்பாவுக்காக அடித்த மணி. அம்மா நிற்கவில்லை. முந்தானையைக் கிழித்து என் காலில் சுற்றிவிட்டு, தன் வெறுங்காலோடு நடந்தாள்.

வீரசோழனில் பாய் வீட்டுப் பெண்கள் எங்களைப் பார்த்ததும் ஒன்றும் விசாரிக்கவில்லை. முதலில் தண்ணீர், அப்புறம் உட்காரக் கோரைப்பாய், அப்புறம் விசிறி. திரைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பாய் அம்மாவிடம் கேட்டார்: "துணிக்கடை மாடி வீடுதானேம்மா? டிராம்காரர் வீடு? ஒங்க வீட்டுக்கு ரெண்டு குடை ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்கேன்."

அம்மா அப்போதுதான் அழுதாள். அத்தனை நாள் அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது.

"அவுகள எப்ப பாத்தீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஊரு காலியாகுற அன்னைக்குப் பாத்தேன். தெருவுல ஒரு சனம் கெடையாது. கடையெல்லாம் தெறந்து கெடக்கு, நாயி மட்டும் ஓடுது. பகோடாவச் சுத்தி ஒரு ஆள் இல்லாம நான் அன்னைக்குத்தான் பாக்குறேன். டிராமெல்லாம் நின்னுபோச்சு. வேலைக்காரவுகள லாரியில ஏத்தி வடக்க அனுப்புனாக. ஒங்க வீட்டுக்காரரு ஏறுறப்ப என்னயப் பாத்து, பாய் வாங்க, எடம் இருக்குன்னு கூப்புட்டாரு. நான் கடைய விட்டு வரல. அதுதான் கடைசி."

"குண்டுல...?"

"குண்டுக்கெல்லாம் பொறவும்மா. உசுரோட, ரெண்டு காலோட லாரியில ஏறுனாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

"அது போதும்" என்றாள் அம்மா.

வெயில் தாழ்ந்ததும் பாய் தன் வண்டியைப் பூட்டி, அவரே கூட வந்தார். முற்றத்தில் ஊர் கூடியிருந்தது. ஆராதனைக்கு வந்தவர்களுக்குச் சமைத்த பானைகள் காலியாகக் கிடந்தன. பெரியம்மா மூலையில் நின்றாள். அவள் கன்னத்தில் விரல் தடம் தெரிந்தது. பாய் பெரியப்பாவைக் கும்பிட்டு, எங்களிடம் சொன்னதை அப்படியே சொன்னார்.

பெரியப்பா சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் பாய்க்கு எதிரே வந்து நின்றார். "ஒருத்தன் வந்து செத்தான்னு சொல்றான். நீங்க வந்து இருக்கான்னு சொல்றீக. நாளைக்கு எவன் வருவான், என்ன சொல்லுவான்? இப்பத்தான் கோயில்ல அவனப் பொதச்ச மாதிரி அழுதுட்டு வாரேன். எந் தம்பிய எத்தன தடவ நான் பொதைக்க, எத்தன தடவ எழுப்ப?" என்று கத்தினார். பிறகு எல்லோர் முன்னாலும் தரையில் குந்தி முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மாவைப் பூட்டியது கொடுமை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கொடுமைதான். ஆனால் தெரியாமல் காத்திருப்பதைத் தாங்க முடியாத மனிதர் அவர். துக்கத்தை முடித்துவிட்டால் போதும் என்று தன்னையும் அந்த அறையில் போட்டுப் பூட்டப் பார்த்திருக்கிறார். அது புரிய எனக்கும் தலை நரைக்க வேண்டியிருந்தது.

அந்த அறைக்கு அம்மா திரும்பவில்லை. அருப்புக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்து, ஒண்டுக் குடித்தனத்துக்கு நாங்கள் போனோம். பஸ் ஏற்றிவிட வந்த பெரியப்பா, பஸ் கிளம்புமுன்னே திரும்பி நடந்தார். ஆனால் அறுப்பு முடிந்தால் கம்பு மூட்டையோடு வருவார். வாசலிலேயே நின்று, "சேதி எதும் உண்டாம்மா?" என்பார். "இல்ல அத்தான்" என்பாள் அம்மா. மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுவார்.

போர் முடிந்த பிறகு ஒருவர் எங்களைத் தேடி வந்தார். அப்பாவோடு வேலை பார்த்த கண்டக்டர். மலை வழியாக இரண்டு பேரும் சேர்ந்து நடந்திருக்கிறார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல். அஸ்ஸாம் எல்லைக்கு முன்னால், பாதையோரத்தில் இவர்தான் அவரைப் புதைத்தார். அம்மா அவரை மத்தியானம் முழுக்கக் கேள்வி கேட்டாள். கேட்டதில் பாதிக்கு அவர், "அது எனக்குத் தெரியலங்க" என்றார். அதனாலேயே அம்மா அவரை நம்பினாள். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு தாலியைத் தானே கழற்றினாள்.

மறுநாள் இருவரும் பெரியப்பா ஊருக்குப் போனோம். அவர் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேலை வரப்பில் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். கையிலிருந்த களைக்கொத்து விழுந்தது. அப்படியே பருத்திச் சாலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா போய் அவருக்கு எதிரே அதே மண்ணில் உட்கார்ந்தாள்.

பெரியப்பா ஒரு மண்கட்டியை எடுத்து உள்ளங்கையில் பொடித்தார்.

"யாரு சொன்னாக?" என்று பெரியப்பா கேட்டார்.

"கூட நடந்து வந்தவரு. அவருதான் பொதைச்சாராம்."

"நல்லா வெசாரிச்சியா?"

"விசாரிச்சேன் அத்தான்."

"நீ நம்புறியா?"

"நம்புறேன்."

பெரியப்பா தம்பிக்காகத் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கீழே போட்டார். "நீ நம்புனாச் சரித்தா" என்றார்.